குலசை தசரா விரதம்: 41 நாள் ‘குறைத்து வாழ்தல்’ ஒரு வீட்டை என்ன செய்கிறது?

புரட்டாசி நவராத்திரி தொடங்கிவிட்டால் உடன்குடி, திருச்செந்தூர், சாத்தான்குளம், திசையன்விளை கடைவீதிகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். செவ்வாடை கட்டி, கழுத்தில் மாலை போட்டு, கையில் தட்டோடு ஒருவர் கடை கடையாக ஏறி இறங்குவார். “முத்தாரம்மனுக்குத் தர்மம் போடுங்க தாயே” என்பார். கல்லாவில் இருப்பவர் பத்து ரூபாயை எடுத்துப் போட்ட பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். பார்த்தால் தெரிந்த முகமாக இருக்கும். பக்கத்துத் தெருவில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஆளாக இருக்கலாம். சென்னையிலோ மும்பையிலோ கடை வைத்திருப்பவர், விரதத்துக்காகவே ஊருக்கு வந்திருக்கலாம். தட்டு ஏந்தியவருக்கும் அதில் கூச்சம் இல்லை, காசு போட்டவருக்கும் ஆச்சரியம் இல்லை. “இந்த வருஷம் என்ன வேஷம்?” என்று ஒரு விசாரிப்பு, அவ்வளவுதான்.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் உள்ள குலசேகரன்பட்டினத்தை இந்தப் பக்கத்தில் முழுப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. குலசைதான். அங்குள்ள ஞானமூர்த்தீஸ்வரர் சமேத முத்தாரம்மன் கோயில் தசராவை மைசூருக்கு அடுத்த பெரிய தசரா என்பார்கள். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அதன் கடைசி ராத்திரியை. கடற்கரையில் லட்சக்கணக்கான கூட்டம், காளி வேஷங்கள், மகிஷாசூர சம்ஹாரம். ஆனால் அந்த ராத்திரிக்கு ஒரு மாதத்துக்கும் முன்பே வேறொன்று தொடங்கிவிடுகிறது. அது வீட்டுக்குள் நடப்பது. அதனால் கேமராவுக்குக் கிடைப்பதில்லை.

‘மினிமலிசம்’ என்ற பெயரில் உலகமெங்கும் புத்தகமாகவும் வீடியோவாகவும் விற்பனையாகும் எளிய வாழ்க்கையை, அந்தச் சொல்லைக் கேள்விப்படாமலே ஆண்டுதோறும் ஒரு பருவம் முழுக்கச் செய்துபார்க்கும் வீடுகள் இந்தக் கரையில் உண்டு. அந்தப் பருவம் குடும்பத்துக்கு நிஜமாகவே எதையாவது தருகிறதா, தந்தால் எது தங்குகிறது, எது காப்பு களைந்த அன்றே காணாமல் போகிறது?

விரதம் எப்படி?

வேண்டுதலைப் பொறுத்து நாள் கணக்கு மாறும். 48 நாள், 41 நாள், 31, 21, 11 என்று அவரவர் வழக்கம். காளி வேஷம் போடுபவர்களுக்குத்தான் நீண்ட, கடுமையான விரதம். கடலில் நீராடி, கோயிலில் மாலை வாங்கிப் போட்டுக்கொள்வதோடு அது தொடங்குகிறது. மகாளய அமாவாசையை அடுத்துக் கொடியேற்றம். அதன் பிறகு கையில் காப்புக் கட்டிக்கொண்டு வேஷம் தரிப்பார்கள். காளி மட்டுமல்ல, குறவன், குறத்தி, ராஜா, போலீஸ், குரங்கு, கரடி என்று எத்தனையோ வேஷங்கள். பிச்சைக்காரர் வேஷம் என்றே ஒன்று தனியாக உண்டு. வேஷம் போட்டு ஊர் ஊராகத் தர்மம் எடுத்து, சேர்ந்த காசைக் கோயில் உண்டியலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் ராத்திரி சம்ஹாரம், மறுநாள் காப்பு களைதல்.

2025-ல் செப்டம்பர் 23 அன்று கொடியேறி, அக்டோபர் 2 அன்று சம்ஹாரம் நடந்தது. அன்றைக்கு 41 நாள் விரதம் எடுத்தவர் ஆவணி முதல் வாரத்திலேயே மாலை போட்டிருப்பார். கல்யாண முகூர்த்தங்களும் விநாயகர் சதுர்த்தியும் வந்துபோகிற மாதம் அது. பந்தியில் உட்காராமல், பிரியாணிக்குக் கை நீட்டாமல் அதைக் கடக்க வேண்டும்.

மாலை விழுந்த வீட்டில் முதலில் மாறுவது அடுப்பு. மீன், கறி, முட்டை கிடையாது. கடலோர ஊரில் மீன் வாசம் இல்லாத சமையலறை என்பது சாதாரண மாற்றம் அல்ல. பலர் ஒரு நேரம்தான் சாப்பிடுவார்கள், பச்சரிசிச் சோறும் எளிய காய்கறியும். காளி வேஷக்காரர்களில் சிலர் தங்கள் சோற்றைத் தாங்களே பொங்கிக்கொள்வார்கள். கட்டில், மெத்தை கிடையாது. பாயோ வெறும் தரையோதான். ஊர்ப் பொதுவிடத்தில் ஓலைக் குடில் போட்டு, தசரா குழுவினர் அங்கேயே தங்கிக் காலையும் மாலையும் பூஜை வைப்பதும் உண்டு. மதுவும் புகையும் கூடாது. கெட்ட வார்த்தை கூடாது. சண்டை கூடாது. இந்தக் கடைசி இரண்டும் எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதை வீட்டில் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்!

குலசை பக்தர்களுக்கு மட்டுமே சொந்தமான பழக்கமும் அல்ல இது. நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் மணப்பாட்டில் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஈஸ்டருக்கு முன் 40 நாள் தவக்காலம் இருக்கிறார்கள். குலசையிலும் காயல்பட்டினத்திலும் முஸ்லிம் குடும்பங்கள் ரமலான் நோன்பு இருக்கிறார்கள். ஒரே கரை, மூன்று நாட்காட்டி. மூன்றிலும் பசியை ஒருவர் தனியாகப் பழகுவதில்லை. வீடும் தெருவும் சேர்ந்து பழகுகின்றன.

கையில் மிஞ்சுவது எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் உள்ள வீடு, வாரம் இரண்டு நாள் மீனோ கறியோ எடுக்கிறது, ஒரு தடவைக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 41 நாளில் 12 தடவை என்றால் 4,800 ரூபாய். வீட்டில் ஒருவர் தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர், விலை 150 ரூபாய் என்றால் 6,150 ரூபாய். இரண்டும் சேர்ந்து 10,950 ரூபாய். இரவு புரோட்டா, டீக்கடை வடை, சிகரெட் எல்லாம் தனி. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இது சில்லறைக் காசு அல்ல. பிள்ளையின் ஒரு பருவப் பள்ளிக் கட்டணம் இதற்குள் அடங்கலாம், அடகில் இருக்கிற ஒரு சின்ன நகையைத் திருப்பிவிடலாம்.

இதில் இரண்டாவது தொகைதான் முக்கியம். இந்தப் பக்கத்தில் பெண்கள் வெளிப்படையாகச் சொல்வது, “மாலை போட்டுட்டா குடிக்க மாட்டாரு” என்பது. பக்திக்குள்ளே இருக்கிற ஒரு குடும்பக் கணக்கு அது. வருஷத்தில் அந்த ஒன்றரை மாதம் மட்டும் சம்பளக் காசு முழுசாக வீட்டுக்கு வருகிற வீடுகள் உண்டு. ராத்திரி கதவு தட்டும் சத்தத்துக்குப் பிள்ளைகள் பயப்படாத ஒன்றரை மாதமும் அதுதான். எளிமையான வாழ்க்கையின் பயன் என்று அலமாரியை ஒழுங்குபடுத்துவதையும் வெள்ளைச் சுவரையும் காட்டுகிறவர்கள் இந்த வீட்டு வாசலில் ஒரு ராத்திரி நின்று பார்க்கலாம்.

செலவுப் பட்டியல் நாடெங்கும் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு சுமார் 46 சதவீதம். 1999-2000-ல் அது 59 சதவீதமாக இருந்தது. வயிற்றுக்குப் போன பிறகு கையில் முன்பைவிட அதிகம் மிஞ்சுகிறது, நல்லதுதான். போன், பைக், தவணை, விசேஷம் என்று அது போகிற வழிகளும் கூடிவிட்டன. ஒரு வீடு தன் செலவை நின்று பார்க்க ஆண்டில் ஒரு தடவையாவது ஒரு நிறுத்தம் வேண்டியிருக்கிறது. குலசைப் பக்கத்தில் அந்த நிறுத்தத்தை அம்மன் பேரால் போட்டுக்கொள்கிறார்கள்.

41 நாள் போதுமா?

ஒரு மண்டலம் இருந்தால் பழக்கம் மாறிவிடும் என்று எல்லோரும் சொல்வது உண்டு. 2009-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். புதிய பழக்கம் ஒன்று தானாக வரும் அளவுக்குப் படிய சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கங்கள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி நாள் எடுத்தது. ஆக, 41 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை.

மதுவுக்கு இன்னும் நெருக்கமான ஒரு சான்று இருக்கிறது. பிரிட்டனில் ஜனவரி மாதம் முழுக்கக் குடிக்காமல் இருக்கும் ‘டிரை ஜனவரி’ இயக்கத்தில் கலந்துகொண்ட 800-க்கும் மேற்பட்டவர்களை சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில் கேட்டபோது, முன்பு வாரத்தில் சராசரியாக 4.3 நாள் குடித்தவர்கள் 3.3 நாளுக்கு இறங்கியிருந்தார்கள். அவர்களே சொன்ன கணக்கு அது, அளந்து பார்த்தது அல்ல. தானாக முன்வந்தவர்கள் என்பதால் குறைக்கும் எண்ணம் ஏற்கெனவே அவர்களுக்கு இருந்திருக்கும். அப்படியே ஒத்துக்கொண்டாலும், ஒரு மாதம் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பழகியவருக்கு அடுத்த தடவை அதைச் சொல்வது சுலபம் என்பது நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது.

குலசையில் அதற்கு இன்னொரு வலுவும் சேர்கிறது. மாலை போட்டவரை யாரும் “ஒரு கட்டிங் போடுவோமா” என்று கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் கூப்பிட்டவருக்குத்தான் பாவம். தனியாகக் குடியை விடப் பார்க்கிறவருக்கு எதிரி நண்பர்கள்தான். இங்கே அந்த நண்பர்களே காவல். காப்பு களைந்த மறுநாள் காவல் முடிந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். அப்படிப்பட்டவர் மாலை போடும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஒரு நேரச் சோற்றுக்கு மாறும்போதும் அப்படித்தான்.

யாருக்கு எளிமை, யாருக்கு வேலை?

பேசப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் மட்டும் மாலை போட்டிருந்தால், அவருக்குத் தனிப் பாத்திரம், தனிச் சமையல். காலையில் எழுந்ததும் வீடு கழுவி, குளித்துவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வேறு சமையல். அவருடைய ஒரு நேரச் சாப்பாடு இவளுக்கு நாலு நேர வேலை. விரதக்காரருக்கு வாழ்க்கை குறைந்திருக்கிறது. விரதக்காரர் வீட்டு அம்மாவுக்குக் கூடியிருக்கிறது.

பொருள் நிறைந்த வீட்டிலும் சுமை இப்படி ஒருபக்கமாகத்தான் சாய்கிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 32 நடுத்தரக் குடும்பங்களை கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 தொடங்கிச் சில ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ப் பதிவுசெய்தார்கள். நாலில் மூன்று வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் கார் இல்லை, தட்டுமுட்டுச் சாமான்கள். அதே ஆய்வின் ஒரு பகுதியாக, தம்பதிகளிடம் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லி, அவர்கள் பேசியதையும் எச்சிலில் கார்ட்டிசால் எனும் மனஅழுத்த ஹார்மோன் அளவையும் ஒப்பிட்டார்கள். 2010-ல் முடிவு வெளியானது. வீடு ‘அடைசலாக, முடியாத வேலையாக’ இருக்கிறது என்று பேசிய மனைவிகளுக்கு அந்த ஹார்மோன் பொழுதோடு இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. கணவர்களிடம் அந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. ஒரே வீடு, ஒரே சாமான். பார்க்கிற கண்ணுக்கு வேலையாகத் தெரிவது ஒருவருக்குத்தான்.

குலசைக்குப் போகும் வீடுகளில் வீடே சேர்ந்து விரதம் இருப்பதும் உண்டு. அப்போது ஒரே குழம்பு, ஒரே காய், கழுவப் பாத்திரம் பாதி. ராத்திரிக்கு என்ன டிபன் என்ற கேள்வியே எழுவதில்லை. எல்லோரும் ஒரே ஹாலில் பாய் விரித்துப் படுக்கும்போது, தனித்தனி அறையில் தனித்தனி போனோடு கழிகிற ராத்திரியும் மாறிப்போகிறது. பதின்பருவப் பிள்ளையோடு அப்பா பேசுவதற்குத் தரையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கும் அந்த அரைமணி நேரத்தைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைப்பது அபூர்வம். ஒருவர் மட்டும் இருக்கும் விரதத்துக்கும் வீடே இருக்கும் விரதத்துக்கும் இவ்வளவு வித்தியாசம் உண்டு.

விடிலியில் வாழ்ந்தவர்கள்

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் மொத்தமும் தப்பாகிவிடும். இதே உடன்குடி, குலசை வட்டாரத்தின் செம்மண் தேரிகளில், பனையேறிக் குடும்பங்கள் பதநீர்ப் பருவம் முழுக்க ஊர் வீட்டை விட்டுவிட்டுப் பனங்காட்டுக்கே குடிபோவார்கள். பனையோலை வேய்ந்த ‘விடிலி’தான் வீடு. உள்ளே ஒரு அடுப்பு, பதநீர் காய்ச்சும் பாத்திரம், கருப்பட்டி ஊற்றச் சிரட்டைகள், சில கலயங்கள், ஓலைப்பெட்டி, பாய். அவ்வளவுதான் சொத்து. மினிமலிசப் புகைப்படக்காரர் பார்த்தால் மயங்கிவிடுவார்.

ஆனால் அது தேர்ந்தெடுத்த எளிமை அல்ல. விடியும் முன்னே எழுந்து ஒரு நாளில் பத்து முப்பது மரங்கள், ஒவ்வொன்றிலும் காலையும் மாலையும் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். வீட்டுப் பெண்கள் அடுப்புப் புகையில் மணிக்கணக்காகப் பதநீர் காய்ச்சினார்கள். வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்குக் கருப்பட்டியை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டிய நிலையும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள், மெத்தை வாங்கினார்கள். அதில் என்ன தப்பு? “அந்தக் காலத்துல நாங்க எவ்வளவு எளிமையா இருந்தோம்” என்று இன்றைக்குப் பேசுபவர்கள் பெரும்பாலும் மரம் ஏறியவர்களாக இருக்க மாட்டார்கள். இன்று உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஏறத்தான் ஆள் குறைந்துபோனது.

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தவர் ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, லண்டனில் கணக்கியல் படித்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு, காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்காக வேலை செய்தவர். கரும்புக்கு நல்ல வயலும் தண்ணீரும் வேண்டும், பனைக்கு இரண்டும் வேண்டாம், ஆகவே இனிப்பைப் பனையிலிருந்து எடுத்துக்கொண்டு வயலைத் தானியத்துக்கு விடலாம் என்பது அவர் வாதம். எளிய வாழ்க்கை என்று அவர் சொன்னது ஏழையை அப்படியே இருக்கச் சொல்வது அல்ல. பனையேறிக்குச் சரியான விலை கிடைக்கும்படி மற்றவர்கள் தங்கள் தேவையை மாற்றிக்கொள்வதும் அதில் அடக்கம்.

‘விரும்பி ஏற்கும் எளிமை’ என்ற சொற்றொடரே காந்தியின் ஆசிரமத்தோடு தொடர்புடையதுதான். அமெரிக்க வழக்கறிஞர் ரிச்சர்ட் கிரெக் 1925-ல் இந்தியாவுக்கு வந்து காந்தியோடு பழகியவர். 1936-ல் அந்தத் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை, தாகூரின் விஸ்வபாரதி காலாண்டிதழில் வந்தது. அதில் ஒரு சம்பவம் சொல்கிறார். மற்ற எதையும் விட்டுவிடலாம், புத்தகங்களை மட்டும் விட முடியவில்லை என்று காந்தியிடம் அவர் ஒத்துக்கொண்டார். அப்படியானால் விட வேண்டாம், அதிலிருந்து மனசுக்கு உதவி கிடைக்கும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி காந்தி சொன்னாராம். கடமைக்காக விட்டால், விட்டது மனசை அரித்துக்கொண்டே இருக்கும் என்பது அவர் கணிப்பு. மீனை விட்டுவிட்டு 41 நாளும் மீனையே நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

தட்டு ஏந்துவது எதற்கு?

ஜப்பானின் மரியே கோண்டோ போன்றவர்கள் சொல்லும் முறையில், வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டு, இல்லாவிட்டால் வழியனுப்ப வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த எளிமை கதவைச் சாத்திக்கொண்டு செய்வது. குலசை விரதம் கடைசிப் பத்து நாளில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடுகிறது. கொடுத்துப் பழகிய கை வாங்க வேண்டும்.

அது சும்மா ஒரு சடங்கு இல்லை. “போயிட்டு அப்புறம் வா” என்று ஒரு கடைக்காரர் சொல்வார். வெயிலில் காத்திருக்க வேண்டும். ஒரு ரூபாய் போட்டாலும் வாங்கிக்கொண்டு குங்குமம் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பையனும் குறத்தி வேஷம் போட்ட அம்மாவும் அப்பாவோடு சேர்ந்து போவது உண்டு. தன் அப்பா ஒரு வாசலில் கை நீட்டி நிற்பதைப் பார்க்கிற பிள்ளை, அடுத்த மாதம் தன் வீட்டு வாசலுக்கு உண்மையாகவே பசித்து வருகிறவரை எப்படிப் பார்க்கும்? இதை எந்த ஆய்வும் அளந்ததில்லை. அளக்காவிட்டாலும் கேட்க வேண்டிய கேள்வி.

வேஷம் பெருத்த கதை

இத்தனையும் சொன்ன பிறகு அடுத்த பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தலை நிறையச் சடைமுடி, நெற்றிப்பட்டை, கண்மலர், வீரப்பல், பல கைகள், பட்டுத்துணி என்று காளி வேஷம் ஆண்டுக்கு ஆண்டு கனமாகிக்கொண்டே போகிறது. அத்தோடு மேளம், வேன், மின்விளக்கு அலங்காரம், டீசர்ட் அடித்த தசரா குழு. ஒரு ஊர்க் குழு அதிரடி மேளம் வைத்தால் பக்கத்து ஊர்க் குழு அதைவிடப் பெரிசாக வைக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் ஆபாச ஆட்டம் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிடும் அளவுக்கு அது போனது. சாதி அடையாளம் காட்டும் கொடி, ரிப்பன் கூடாது என்று காவல் துறை ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டியிருக்கிறது.

மேலே போட்ட கணக்கில் மிஞ்சிய 10,950 ரூபாய் எங்கே போகும் என்று இப்போது பார்த்தால், பல வீடுகளில் வேஷத்துக்கும் குழு வரிக்குமே போய்விடும். மிஞ்சுவது போக வட்டிக்கு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். வாயைக் கட்டிச் சேர்த்ததை ஒரு ராத்திரிக்காகச் செலவழித்துவிட்டு ஐப்பசி முழுக்க வட்டி கட்டினால், குடும்பத்துக்கு எளிமை தந்தது என்ன? நேர்ந்துகொண்டதைச் செய்துதான் ஆக வேண்டும் என்பார்கள். சரி. ஆனால் அம்மனிடம் நேர்ந்தது விரதத்தையும் தர்மத்தையும்தான், எல்இடி விளக்கை அல்ல. கிழிந்த துணியும் ஒரு தட்டும் போதுமான பிச்சைக்காரர் வேஷமும் இதே கோயிலின் வேஷம்தான்.

வேஷமும் கூட்டமும் இல்லாத தசராவையும் குலசை பார்த்திருக்கிறது. கொரோனா காலமான 2020-ல் சம்ஹாரம் கடற்கரையில் நடக்கவில்லை. கோயில் வளாகத்துக்குள் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. அந்த ஆண்டு விரதத்தைத் தங்கள் ஊரிலேயே இருந்து முடித்துக்கொண்டவர்கள் உண்டு. மேளம் இல்லை, வேன் இல்லை. விரதம் மட்டும் இருந்தது.

ஊரும் மாறிக்கொண்டிருக்கிறது. நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு இங்கே 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றாமல் நேராகத் தெற்கே பறக்கலாம், எரிபொருள் மிச்சம் என்பதற்காகத்தான் இஸ்ரோ இந்தக் கரையைத் தேடி வந்தது. ஏவப்போவதும் சிறிய ராக்கெட்டுகளே. நிலம், வேலை, வாடகை என்று ஊரின் பேச்சு மாறும்போது வீடுகளின் ஆசையும் மாறும். தசரா குடில் போட்டுவந்த காலி மனைகளுக்கும் இனி விலை பேசப்படலாம்.

மாலை போடாதவர்கள்?

குலசைக்கும் போகாத, விரதமும் இல்லாத குடும்பம் இதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமா? முடியும், ஆனால் அலமாரியில் தொடங்க வேண்டாம். நாள் குறித்துக்கொண்டு தொடங்கலாம். ‘இனிமேல் வாழ்நாள் முழுக்க’ என்று சொன்னால் வீட்டில் யாரும் வர மாட்டார்கள், ‘தீபாவளிக்கு முன்னால் மூன்று வாரம்’ என்றால் பிள்ளைகள்கூட விளையாட்டாகச் சேர்ந்துகொள்வார்கள். ஒரு வேளையாவது எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, அதைச் சமைப்பது முறைவைத்து. ஆன்லைனில் புதுசாக எதுவும் வாங்குவதில்லை. ராத்திரி போன் எல்லாம் ஒரே இடத்தில். இதில் எது அம்மாவின் வேலையைக் கூட்டுகிறதோ அதை முதல் நாளே விட்டுவிட வேண்டும். மிஞ்சிய காசை என்ன செய்வது என்பதை ஆரம்பத்திலேயே பேசி வைத்துவிட வேண்டும், பேசாவிட்டால் அது தானாக ஒரு டிவியாக மாறிவிடும். அதில் ஒரு பங்கு, சின்னதாக இருந்தாலும், வீட்டுக்கு வெளியே போக வேண்டும். உண்டியலுக்கோ, பக்கத்துத் தெருப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கோ.

சம்ஹாரம் முடிந்த மறுநாள் குலசையில் காப்பு களைகிறார்கள். கையில் கட்டிய மஞ்சள் கயிற்றை அவிழ்த்துவிட்டு, கடலில் குளித்துவிட்டு, வந்த வேனிலேயே ஊர் திரும்புகிறார்கள். முகத்துச் சாயம் சரியாகப் போக இரண்டு மூன்று நாள் ஆகும். ஊரில் குடிலைப் பிரித்துவிடுவார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை மீன்கடையில் கூட்டம் நெருக்கும். டாஸ்மாக் வாசலிலும் பழைய முகங்கள் திரும்பி வரும். எல்லா முகங்களும் வருவதில்லை. யார் வரவில்லை என்பதைக் கடைக்காரர் கவனிக்க மாட்டார். வீட்டில் இருப்பவள் கவனிப்பாள்.